மஞ்சள் படிவு, மந்த நாடி, வீங்கிய கால்: சீன மரபு மருத்துவத்தில் ஒரு கலப்பு நோய்க்கோலம்

பின்னணி

இந்நிகழ்வு சீனாவின் குவாங்சோ நகரில், மரபு மருத்துவக் கல்லூரி ஒன்றோடு இணைந்த மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் நடந்தது. அப்போது நான் அங்கே பயிற்சி மாணவன். நோயாளியிடம் முதலில் பேசி, நாக்கையும் நாடியையும் பார்த்துக் குறிப்பெழுதி, அந்தத் தாளோடு அவரை ஆசிரியரின் மேசைக்கு அனுப்பிவைப்பது என் வேலை. நோயாளி யாரென்று தெரியாதிருக்கும் பொருட்டு அவருடைய வாழ்க்கை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நோயின் விவரங்களை மாற்றவில்லை.

அவர் 51 வயதுப் பெண், துணி மொத்த வியாபாரி. மூன்று ஆண்டுகளாக வாயில் புண்; ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். மேல்வயிற்றில் பாரம், ஆனால் வலி இல்லை. நாளுக்கு நான்கைந்து முறை இளகிய மலம், அதிலும் காலையில் அவசரம். பாதம் எப்போதும் சில்லிட்டிருக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்தால் பிறகு தூக்கம் இல்லை.

எங்களிடம் வருவதற்கு முன் அவர் இரண்டு மருத்துவர்களைப் பார்த்திருந்தார். முதலாமவர் வாய்ப்புண்ணை வைத்து உடலில் வெப்பம் என்று முடிவு செய்து கசப்பான குளிர்ச்சி மருந்துகளைக் கொடுத்தார். நான்கே நாளில் புண் அடங்கியது, வயிற்றுப்போக்கோ இரட்டிப்பானது. இரண்டாமவர் வயிற்றுப்போக்கையும் சில்லிட்ட பாதத்தையும் வைத்துக் குளிர் என்று முடிவு செய்து, சுக்கை முதன்மையாகக் கொண்ட சூடான மருந்தைக் கொடுத்தார். மலம் கட்டியது; வாயில் ஒரே சமயத்தில் ஐந்து புண்கள் வெடித்தன. ஒவ்வொருவரும் பாதி சரி என்று சொல்லிக் கடந்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பாதிகள் நோயாளிக்கு ஏழு மாதத்தைச் செலவாக்கியிருந்தன.

சீன மரபு மருத்துவம் நோயின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், வினவுதல், தொட்டறிதல் என்னும் நால்வகை ஆய்வில் கிடைக்கும் அடையாளங்களைத் திரட்டி, இந்த உடலில் இப்போது நிலவும் கோலம் எது என்று வகுத்து, அதற்கே மருந்து கொடுக்கிறது. அந்தக் கோலத்துக்கு ‘ஜெங்’ என்று பெயர். யின்–யாங் (அடங்கிய குளிர்ந்த பக்கம்–இயங்கும் சூடான பக்கம்), வெளி–உள், குளிர்–வெப்பம், குறைவு–மிகை என்னும் எட்டு அளவைகளால் அது முதலில் வகுக்கப்படும். பாடப்புத்தக நோயாளிக்கு ஒவ்வொரு இணையிலும் ஒரு பக்கம்தான் பொருந்தும். மருத்துவமனைக்கு வருகிறவருக்கோ இரண்டு பக்கமும் பொருந்தும். குளிரும் வெப்பமும், குறைவும் மிகையும் ஒரே உடலில் பின்னிக் கிடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில், இத்தகைய கோலங்களுக்கென்று 26ஆம் அத்தியாயம் இருக்கிறது. பெயரிடுவதற்கு அது உதவும். அவிழ்க்கும் வேலை மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருடையதுதான்.

முதல் சந்திப்பு

நான் எழுதிய குறிப்பு இதுதான்: ‘நாக்கு வெளிறி உப்பியிருக்கிறது, ஓரங்களில் பல் தடம், நுனி சிவப்பு, படிவு தடித்து முழுவதும் மஞ்சள். நாடி மந்தம், நிமிடத்துக்கு 56; மணிக்கட்டில் வைத்த என் மூன்று விரல்களில், இடப்பக்கம் நடுவிரலின் கீழ் யாழ் நரம்பு போல் இறுக்கம், வலப்பக்கம் நடுவிரலின் கீழ் மென்மை, இரு பக்கமும் கடைசி விரலின் கீழ் ஆழத்தில் மெலிவு. முழு மஞ்சள் படிவு ஈரவெப்பத்தைக் காட்டுகிறது, மந்த நாடி குளிரைக் காட்டுகிறது. ஆகவே கலப்புக் கோலம்.’

எழுதி முடித்தபோது எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. முந்தைய இருவரும் ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள், நான் இரண்டையும் பார்த்துவிட்டேன் என்ற எண்ணம்.

நோயாளி தன் தொல்லையை ‘யீட்-ஹேய்’ என்றார். கான்டனீஸ் மொழியில் அது ‘சூட்டு வாயு’ என்று பொருள்படும்; பொரித்ததைத் தின்றதும் தொண்டை கரகரப்பது, முகத்தில் பரு வருவது, வாய் புண்ணாவது எல்லாமே குவாங்சோவாசிக்கு யீட்-ஹேய்தான். தமிழ் வீடுகளில் ‘உடம்பு சூடு’ என்று வளர்ந்த எனக்கு அந்தச் சொல் உடனே பிடிபட்டது. பிடிபட்டதுதான் கேடு. ‘சூடு என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்’ என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நம் வீட்டில் இளநீரோ மோரோ குடிப்பதைப் போல அங்கே செய்வது ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியும். நான் தங்கியிருந்த தெருமுனையிலேயே அந்தக் கடை இருந்தது.

ஆசிரியரின் மேசையில்

ஆசிரியர் என் தாளைப் படித்தார். நோயாளியின் நாக்கைப் பார்த்தார். பிறகு அவரிடம், “வாயில் என்ன போட்டிருந்தீர்கள்?” என்று கேட்டார். தொண்டைக்காக மூலிகை மிட்டாய் ஒன்றை வரிசையில் காத்திருந்தபோது சப்பியதாகப் பதில் வந்தது. கைப்பையிலிருந்து மிட்டாய் சுற்றிய தாளை எடுத்தும் காட்டினார்; மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தது. உணவோ மருந்தோ நாக்குப் படிவுக்கு நிறமேற்றிவிடும் என்பது முதல் ஆண்டுப் பாடம். ‘மறுநாள் காலை எதுவும் உண்ணாமல், பல்லும் துலக்காமல் வாருங்கள்’ என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

அடுத்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, “இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்களா?” என்றார். பையிலிருந்து மெட்டோபுரோலோல் அட்டை ஒன்று வெளியே வந்தது. இதயத் துடிப்பைக் குறைப்பது அந்த மருந்தின் வேலை. மந்த நாடியைக் குளிரின் அடையாளமாக நான் எழுதியிருந்த வரியை ஆசிரியர் பென்சிலால் அடித்தார். “இன்னொரு வெள்ளை மாத்திரையும் உண்டு, வீட்டில் இருக்கிறது” என்றார் நோயாளி. ஆசிரியர் தலையசைத்தார். நான் ‘வேறொரு மாத்திரை’ என்று எழுதிக்கொண்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த இடத்துக்குப் பிறகு திரும்ப வர வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை வெறும் வயிற்றில் பார்த்தபோது நாக்கு வேறொன்றாக இருந்தது. மஞ்சள் நடுப்பகுதியில் மட்டும், கட்டைவிரல் நகமளவுக்கு இருந்தது; சுற்றிலும் வெள்ளையான, நீர் கோத்த படிவு. நுனியின் சிவப்பு அப்படியே இருந்தது. மிட்டாயின் மஞ்சளைக் கழித்த பிறகும் வெப்பம் மிச்சமிருந்தது, ஆனால் நான் எழுதிய அளவில் இல்லை.

அன்றுதான் மூன்றாவது கேள்வியும் வந்தது. “யீட்-ஹேய்க்கு என்ன குடிக்கிறீர்கள்?” ஒவ்வொரு மாலையும் ஒரு கிண்ணம் ‘யா-ஸேய்-மேய்’ என்றார். இருபத்துநான்கு சுவை என்று பெயர்பெற்ற இது, உடல் சூட்டைத் தணிக்கக் குடிக்கும் மூலிகை நீரான குளிர்ச்சித் தேநீர் வகைகளில் மிகக் கசப்பான ஒன்று. பித்தளைச் சுரைக்குடுக்கை போன்ற பெரிய பாத்திரத்திலிருந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பார்கள். குளிர்ச்சித் தேநீரை 2006இல் சீன அரசு தேசிய மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. குவாங்சோவில் அதை மருந்தென்று யாரும் எண்ணுவதில்லை. நோயாளியும் எண்ணவில்லை. மூன்றாண்டு மருந்து விவரத்தைச் சொன்னபோது அதைச் சொல்லாமல் விட்டது அதனால்தான்.

முடிவெடுப்பதற்கு முன்

அன்று ஆசிரியர் மருந்து எழுதவில்லை. இடைவிடாத வாய்ப்புண்ணும் நாட்பட்ட வயிற்றுப்போக்கும் சேர்ந்து வந்தால், கோலம் எதுவானாலும், குரோன் நோய் (குடலின் நாட்பட்ட அழற்சி), பெஹ்செட் நோய் (வாய், கண், பிறப்புறுப்பு ஆகியவற்றைத் தாக்கும் அழற்சி), இரும்புச்சத்துக் குறைவு ஆகியவை இல்லையென்று தெரிந்துகொள்ளாமல் கஷாயம் கொடுப்பது தவறு என்பது அவருடைய நிலை. இரத்தப் பரிசோதனைக்கும் பெருங்குடல் அகநோக்கிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதுவரை கசப்புத் தேநீரை மட்டும் நிறுத்தச் சொன்னார். “மருந்தே இல்லாமல் அனுப்புகிறீர்களா?” என்று நோயாளி வருந்தினார். அந்த ஒரு வாரம் இந்நிகழ்வில் எங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவலாக அமைந்தது: தேநீரை நிறுத்தியதாலேயே மலப்போக்கு ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. வாய்ப்புண்ணில் மாற்றம் இல்லை. புதிதாக ஒன்று முளைத்திருந்தது.

9ஆம் நாள் முடிவுகள் வந்தன. குடலில் புண் இல்லை, திசு ஆய்விலும் குறை இல்லை. கண்ணிலோ பிறப்புறுப்பிலோ பெஹ்செட் நோயின் தடயம் இல்லை. ஹீமோகுளோபின் லிட்டருக்கு 104 கிராம், இரும்புச் சேமிப்பும் குறைவு. மாதவிடாய் நிற்கும் பருவத்து மிகையான இரத்தப்போக்கு காரணமாக இருக்கலாமென்று மகளிர் பிரிவுக்கும் அனுப்பப்பட்டார். அங்கேயே இரும்பு மாத்திரை எழுதப்பட்டது. இரும்புக்குறைவு தன்னளவிலேயே வாய்ப்புண்ணைத் தூண்டக்கூடியது. அதே தாளில் பொட்டாசியம் 3.6 என்றிருந்தது. இயல்பு வரம்புக்குள்தான், ஆனால் விளிம்பில். யாருடைய கண்ணும் அங்கே நிற்கவில்லை.

மூன்று வாசிப்புகள்

மிட்டாய், மாத்திரை, தேநீர் ஆகியவற்றின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சமிருந்ததை எப்படி வாசிப்பது என்று ஆசிரியர் எங்களிடம் கேட்டார். மூன்று கருத்துகள் எழுந்தன.

வெப்பமே மெய், குளிர் வெறும் தோற்றம் என்றார் ஒரு மாணவர். வெப்பம் உள்ளே அடைபட்டுப்போனால் கைகால் சில்லிடுவது உண்டு. ஆனால் இவருக்கு வயிற்றில் வெந்நீர்ப் பை வைத்தால் சுகமாக இருக்கிறது. பனிக்கட்டி போட்ட பானம் குடித்த அரைமணியில் வயிறு போகிறது. உள்ளே வெப்பம் அடைபட்டவர் சூட்டை நாடமாட்டார். ஆகவே அது நீங்கியது.

இரண்டாவது கருத்து என்னுடையது. குளிரே மெய், வாய்ப்புண் என்பது கீழே பிடிமானம் இழந்து மேலே மிதந்து வந்த பொய்த் தீ. வேரில் வெப்பமூட்டினால் தீ இறங்கிவிடும். கேட்க அழகாக இருந்தது. ஆசிரியர் என்னை மறுபடி வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். கீழ் உதட்டின் உட்புறத்தில் பயறளவு புண். நடுவில் மஞ்சளான சவ்வு, சுற்றிலும் பளிச்சென்ற சிவப்பு வளையம். பஞ்சு பட்டதும் நோயாளி முகத்தைச் சுளித்தார், வாயில் நாற்றமும் இருந்தது. பொய்த் தீயின் புண் வெளிறி, வலி மந்தமாக இருக்கும்; நாடி மேலே பெரிதாகத் தெரிந்து அழுத்தினால் வெறுமையாகும். இங்கே இரண்டும் இல்லை. தவிர, முந்தைய மருத்துவரின் சூடான மருந்து தீயை இறக்கவில்லை, ஐந்து புண்ணாகப் பெருக்கியது. என் கருத்தைப் பொய்யாக்கும் சான்று நோயாளியின் வரலாற்றிலேயே கிடந்தது. நான் அதை வரலாறாக எழுதினேனே தவிரச் சான்றாக வாசிக்கவில்லை.

மிஞ்சியது மூன்றாவது வாசிப்பு: இரண்டும் மெய், இருக்கும் இடம்தான் வேறு. மேலே வாயிலும் இரைப்பையிலும் வெப்பம், கீழே செரிமானத்தின் ஆதாரத்தில் குளிரும் குறைவும், நடுவில் ஏறுவதும் இறங்குவதும் தடைப்பட்டுப் பாரம். வலி இல்லாத இந்த மேல்வயிற்றுப் பாரத்துக்கு ‘பீ’ என்று பெயர். கிழக்கு ஹான் மரபின் இறுதியில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹன் லுன்’ நூலில் இதற்கென்று ஒரு கஷாயக் குடும்பமே உண்டு. அதில் அதிமதுரம் மிகுந்த கஷாயத்தைச் சொல்லும் பகுதி கூர்ந்து படிக்கத்தக்கது. மருத்துவர் தவறாகப் பேதி கொடுக்கிறார். வயிறு இரைந்து ஓயாமல் போகிறது, மேல்வயிறு கெட்டிப்படுகிறது. நோய் முழுதும் இறங்கவில்லை என்றெண்ணி அவரே மறுபடி பேதி கொடுக்கிறார். பாரம் இன்னும் கூடுகிறது. இது வெப்பம் திரண்ட கட்டு அன்று, இரைப்பை வெறுமையானதால் வந்தது என்று நூல் திருத்துகிறது. நாள்தோறும் மாலையில் கசப்புக் கிண்ணத்தை ஏந்திய நம் நோயாளிக்கும் அந்தப் பேதி கொடுக்கப்பட்டவருக்கும் அதிகத் தொலைவில்லை.

மருந்தும் முதல் இரண்டு வாரங்களும்

எழுதப்பட்டது அந்தக் கஷாயமே. மேலுள்ள வெப்பத்துக்குக் கசப்பான ஹுவாங்லியன் 3 கிராமும் ஹுவாங்ச்சின் 9 கிராமும். கீழுள்ள குளிருக்குச் சுக்கு 9 கிராம். நடுவின் தடையைத் திறக்கப் பதப்படுத்திய பன்ஷியா கிழங்கு 9 கிராம். குறைவை நிரப்பத் தாங்ஷன் வேர் 15 கிராம், சீன இலந்தை நான்கு, வறுத்த அதிமதுரம் 12 கிராம். கசப்பும் காரமும் ஒரே பானையில் கொதிப்பது முரணாகத் தோன்றும். இரண்டையும் கலந்து வெதுவெதுப்பாக்குவது இதன் நோக்கமன்று; இரண்டும் தத்தம் இடத்துக்குப் போகும் என்பதே கஷாயத்தின் தர்க்கம். அதிமதுரத்துக்குச் சீன மருந்து நூல் காட்டும் வழக்கமான அளவு 2 முதல் 10 கிராம் வரை. வாய்ப்புண்ணை முன்னிட்டு இங்கே அதைத் தாண்டியிருந்தோம்.

கஷாயமும் இரும்பு மாத்திரையும் ஒரே நாளில் தொடங்கின. ஒரு வாரத்தில் பழைய புண் ஆறியது; புதியது வரவில்லை. இரண்டு வாரத்தில் மலம் நாளுக்கு இருமுறையானது, பாரம் பாதியானது, காலை நான்கு வரை தூக்கம் நீண்டது. மருந்தை மாற்றாமல் தொடரச் சொன்னோம்.

21ஆம் நாள்

மருந்து தொடங்கிய 21ஆம் நாள் அவர் செருப்பின் வாரைத் தளர்த்திக்கொண்டு வந்தார். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். குழி மெல்லத்தான் நிரம்பியது. மெட்ரோ நிலையப் படிகளில் தொடை துவண்டுபோகிறது என்றார். பாதம் சில்லென்றுதான் இருந்தது, நாடி ஆழத்தில் மெலிந்திருந்தது. நான் எழுதினேன்: ‘சிறுநீரக யாங் குறைவு, நீர் கட்டுமீறிப் பரவுகிறது. பக்குவப்படுத்திய ஃபூஸி சேர்க்கலாம்.’

சிறுநீரக யாங் என்பது உடலின் அடிப்படை வெப்பமாக இம்மருத்துவம் கொள்வது; ஃபூஸி அதை மூட்டக் கொடுக்கும் ஒருவகை நாபிக்கிழங்கு. எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நூலாதாரம் காட்ட என்னால் முடியும். அந்தளவுக்குக் கோலம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “முதலில் அழுத்தத்தைப் பாருங்கள்” என்றார். 162/98, தொடக்கத்தில் 130/82 ஆக இருந்தது. “அந்த வெள்ளை மாத்திரை எது?” நோயாளியின் மகள் வீட்டிலிருந்து பெட்டியைப் படமெடுத்து அனுப்பினார். இண்டபமைடு. சிறுநீரைப் பெருக்கி, அதன்வழியே பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மருந்து.

அன்றே எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 2.8. இதய மின்வரைவில் அதற்குரிய மாற்றங்கள் தெரிந்தன. அதிமதுரத்தின் கிளிசரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை முறிக்கும் நொதியைத் தடுக்கிறது; முறிக்கப்படாத கார்ட்டிசால் உப்பையும் நீரையும் தேக்கிப் பொட்டாசியத்தை இழக்கவைக்கிறது. ஏற்கெனவே இண்டபமைடு பொட்டாசியத்தைக் குறைத்துக்கொண்டிருந்த உடலில் நாங்கள் அதைக் கூட்டியிருந்தோம். வீக்கம், துவளும் தொடை, ஏறிய அழுத்தம் எல்லாமே மருந்தின் வேலை. பொட்டாசியம் இவ்வளவு குறைந்திருந்தபோது ஃபூஸி சேர்த்திருந்தால் அதிலுள்ள அகோனிடைன் என்னும் நச்சு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கியிருக்கக்கூடும்.

கஷாயம் அன்றே நிறுத்தப்பட்டது. நோயாளி இதயப் பிரிவில் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, பொட்டாசியம் கொடுக்கப்பட்டது. இண்டபமைடுக்குப் பதிலாக வேறு அழுத்த மாத்திரை எழுதப்பட்டது. ஒன்பதாம் நாள் பொட்டாசியம் 4.0க்கு வந்தது. வீக்கம் வடிய இன்னும் சில நாள் பிடித்தது. நடந்தது என்ன என்பதை ஆசிரியர் நோயாளியிடமும் மகளிடமும் மறைக்காமல் சொன்னார். மகள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பெட்டியை முதல் நாளே கேட்டிருக்கலாமே” என்றார். கேட்டிருக்கலாம்.

பிறகு

ஒரு மாத இடைவெளிக்குப் பின், நோயாளியின் விருப்பத்தோடு, அதிமதுரம் நீக்கிய அதே கஷாயம் குறைந்த அளவில் மூன்று வாரம் கொடுக்கப்பட்டது. வாரம் ஒருமுறை பொட்டாசியம் பார்க்கப்பட்டது. நான்காம் மாத முடிவில் மலம் நாளுக்கு ஒன்றிரண்டு முறை. அந்த நான்கு மாதத்தில் ஒரே ஒரு சிறு புண், ஐந்து நாளில் ஆறியது. இரும்புச் சேமிப்பு நிரம்பிவந்தது. பாதம் மட்டும் சில்லென்றே இருக்கிறது. அது மெட்டோபுரோலோலாலும் வரலாம் என்பதால் அதைத் துரத்தவில்லை.

வாய்ப்புண் எதனால் ஆறியது என்று இந்நிகழ்வைக்கொண்டு சொல்ல இயலாது. தேநீரை நிறுத்தியதன் பங்கு வயிற்றுப்போக்கில் தெளிவாகத் தெரிகிறது, ஏனெனில் அந்த ஒரு வாரம் வேறெதுவும் செய்யப்படவில்லை. புண்ணைப் பொறுத்தவரை இரும்பும் கஷாயமும் ஒரே நாளில் கைகோத்துத் தொடங்கிவிட்டன. கஷாயமே தீர்த்தது என்று எழுதினால் வகுப்பில் எடுபடும், அது உண்மையாகாது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

கலப்புக் கோலத்தின் கடினம் எதிரெதிர் அடையாளங்களை எடைபோடுவதில் இருப்பதாகத்தான் நான் நினைத்திருந்தேன். இந்நிகழ்வில் அதற்கு முந்திய படியில்தான் நான்கு முறையும் சறுக்கினோம்: அடையாளம் நோயிலிருந்து வந்ததா, நோயாளி உட்கொண்டதிலிருந்து வந்ததா என்று கேட்காமலே எடைபோட்டோம். மஞ்சள் மிட்டாயிலிருந்து வந்தது; மந்தம் மாத்திரையிலிருந்து; வயிற்றுப்போக்கின் ஒரு பங்கு தேநீரிலிருந்து; வீக்கம் எங்கள் பானையிலிருந்தே. முதல் மூன்றையும் ஆசிரியர் பிடித்தார். நான்காவதைப் பிடித்தபோது மூன்று வாரம் கடந்திருந்தது.

கோலம் பொருந்துகிறது என்பதே சரிபார்ப்பாகாது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். எட்டு அளவைகளும் நெகிழ்வானவை; சிகிச்சையால் வந்த கோளாறுக்கும் அவற்றில் ஒரு பெயர் தயாராக இருக்கும். சிறுநீரக யாங் குறைவு என்று நான் எழுதிய 21ஆம் நாள் குறிப்பு, இலக்கணப்படி, நான் எழுதியவற்றிலேயே பிழையற்றது.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவின் நோய்க்குறிப்புத் தாளில், நாக்குக்கும் நாடிக்கும் உரிய கட்டங்களுக்கு மேலே, மூன்று வரிகள் சேர்க்கப்பட்டன: கடந்த இரண்டு மணிநேரத்தில் வாயில் போட்டவை; நாள்தோறும் உட்கொள்ளும் மாத்திரைகள் (பெட்டியைப் பார்த்து எழுதியது); வீட்டிலோ தெருவிலோ குடிக்கும் மூலிகை நீர். அதிமதுரம் 10 கிராமைத் தாண்டினாலோ இரண்டு வாரத்தைத் தாண்டினாலோ இரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும் என்பது மருந்துச்சீட்டிலேயே அச்சாகியிருக்கிறது. இரண்டாவது வரியில் ‘பெட்டியைப் பார்த்து’ என்ற சொற்களை ஆசிரியர் தம் கையால் சேர்த்தார்.